நடந்த தடமும் திரையில் தோன்றும் தடமும்

தோற்றுவாய்

ஓலைச் சுவடிகளைப் படியெடுத்தோர் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடும் வழக்கத்தைப் பெரும்பாலும் மேற்கொள்ளவில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவ வேற்றுமை காட்டவில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவில் நின்றன. ஆகவே ஒரு சொல் பிழைபடத் தோன்றுமிடத்து, அப்பிழை பாடியவருடையதா, படியெடுத்தவருடையதா, படிப்பவருடையதா என வினவுதல் பதிப்புப் பணியின் முதற்பாடமாயிற்று. அவ்வினாவை இக்காலத்துச் சுவடி ஒன்றின்மீது எழுப்ப வேண்டிய நிலை எம் துறைக்கு அண்மையில் நேர்ந்தது. அச்சுவடி ஜி.பி.எஸ். தடப்பதிவு ஆகும்.

2023 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எம் துறையின் மூன்றாமாண்டு மாணவர் பதினொருவர், ஆதிச்சநல்லூர் தொடங்கித் திருவைகுண்டம், ஏரல், கொற்கை, பழையகாயல் வழியாகப் புன்னைக்காயல் முகத்துவாரம் வரை, பொருநையாற்றை ஒட்டி நான்கு நாள் நடந்தனர். வயல், மேடு, ஓடை, மடை ஆகியவற்றுக்கு உள்ளூரார் வழங்கும் பெயர்களைத் திரட்டுதலே நோக்கம். அவற்றுட் பல எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவை. கொற்கைப் பக்கத்து முதியவர் ஒருவர், பழைய ஆற்றுப்போக்கு எனத் தம் பாட்டனார் காட்டிய பள்ளத்தின் வழியே மாணவர்களை அழைத்துச் சென்று, அடிக்கொரு பெயராகப் பதினேழு பெயர்களைச் சொன்னார். நடந்த வழி மாணவர்தம் கைப்பேசிகளில் பதிவாகிக்கொண்டிருந்தது. சில இடங்களின் எண்களை, வேறொரு துறையிலிருந்து இரவல் பெற்ற கைக்கருவியைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினர்.

கோப்புகளைக் கணிப்பொறியில் சேர்த்துவிட்டுத் தேர்வுப் பணிகளில் ஆழ்ந்துவிட்டோம். இப்பிழை என்னுடையது. அவ்வாண்டு திசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. திருவைகுண்டமும் ஏரலும் வெள்ளத்தாற் சூழப்பட்டன. முதியவர் காட்டிய பள்ளம் வண்டல் மூடிக் கிடந்தது. அவரும் அதற்கு முன்னரே காலமாகியிருந்தார். 2024 இல் வரைபடம் வரைய அமர்ந்து கோப்புகளைத் திறந்தபோது, அவற்றுள் ஒன்றேனும் தன் இடத்தில் நிற்கவில்லை. ஒன்று வடதுருவப் பக்கம் சென்றிருந்தது. ஒன்று ஆப்பிரிக்கக் கரையோரக் கடலில் ஒரு புள்ளியாய்ச் சுருங்கிற்று. ஒன்று திறக்கவே மறுத்தது. மறுபடி நடந்து பதிந்துகொள்ளலாம் என்னும் ஆறுதலுக்கும் இடமில்லை. இருப்பதைச் செப்பம் செய்தே ஆக வேண்டும் என்ற நிலையில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை, களப்பணிக்குச் செல்லும் பிற மாணவர்க்கும் பயன்படுமெனக் கருதி ஈண்டு எழுதலானேன்.

மூலப்படியைக் காத்தல்

தடப்பதிவுகளைக் கருவிக்குக் கருவி மாற்றிக்கொள்ள வழங்கும் கோப்பு முறை ஜி.பி.எக்ஸ். எனப்படும். 2002 இல் வெளியிடப்பட்ட இதன் திருந்திய வடிவம் 2004 இல் வந்தது. இன்றும் அதுவே வழக்கில் உள்ளது. இக்கோப்பு வெறும் எழுத்தாலானது. எளிய எழுத்துச் செயலி எதிலும் திறந்து கண்ணாற் படிக்கலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் ஆகியன முறையே எழுதப்பட்டிருக்கும். புள்ளிகள் சேர்ந்து ஒரு துண்டாகும்; துண்டுகள் சேர்ந்து ஒரு தடமாகும்.

இம்முறையில் இடக்குறி, வழி, தடம் என மூன்று உண்டு. இடக்குறி தனி ஓர் இடத்தைச் சுட்டுவது. வழி என்பது இனிப் போகக் கருதிய பாதை. சில திருப்புமுனைகளை மட்டும் கொண்டது. தடம் என்பது நடந்து முடிந்தது. தடத்தை வழியாக மாற்றித் திறந்தால், சில மென்பொருள்கள் தமக்குத் தெரிந்த சாலைகளின்மீது அதை இழுத்துப் பொருத்திவிடும். வயல்வரப்பில் நடந்தவர் தார்ச்சாலையில் நடந்ததாகத் திரை சொல்லும். எங்கள் கோப்புகளுள் இரண்டு இவ்வாறு ஆயின.

திருத்தம் எதுவாயினும் படியிற் செய்க, மூலத்தைத் தொடற்க. மாணவர் ஒருவர் ஆர்வமிகுதியால் மூலக் கோப்பையே எக்செல் அட்டவணையில் திறந்து சேமித்துவிட்டார். பாகையின் பதின்மக் கூறுகள் மூன்று இடங்களுக்குச் சுருங்கின. பாகையில் மூன்றாம் பதின்ம இடம் ஏறத்தாழ 111 மீட்டர் ஆகும். ஐந்தாம் இடமே ஏறத்தாழ ஒரு மீட்டர். ஆற்றங்கரை வளைவு படிக்கட்டுப் போலத் தோன்றிற்று. இழந்த எண்கள் மீளவில்லை. நல்லூழாக அக்கைப்பேசியிலேயே மற்றொரு படி எஞ்சியிருந்தது.

வடகடல் சென்ற கொற்கை

கொற்கை ஏறத்தாழ வட அட்சரேகை 8.63 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 78.07 பாகையிலும் உள்ளது. எம் மாணவர் புள்ளிகளைப் பட்டியற் கோப்பாக மாற்றிக் கியூஜிஐஎஸ் மென்பொருளில் ஏற்றியபோது, அது கிரீன்லாந்துக் கடலில், சுவால்பார்டு தீவுகளுக்கு மேற்கே போய் நின்றது. வகுப்பில் சிரிப்பலை எழுந்தது. ஆயின் காரணம் எளிது. இரண்டு எண்களும் இடம் மாறிவிட்டன, அட்சரேகை 78.07, தீர்க்கரேகை 8.63 என மென்பொருள் படித்துவிட்டது.

பேச்சில் நாம் அட்சரேகையை முன்னும் தீர்க்கரேகையைப் பின்னும் சொல்கிறோம். கணிதமோ கிடையச்சை முன்வைக்கும். கிழக்கு மேற்கான கிடையளவு தீர்க்கரேகையே. கூகுள் எர்த் பயன்படுத்தும் கே.எம்.எல். கோப்பும், 2016 இல் தரப்படுத்தப்பட்ட ஜியோஜேசன் கோப்பும் தீர்க்கரேகையையே முதலில் எழுதுவன. ஜி.பி.எக்ஸ். கோப்பில் ஒவ்வோர் எண்ணுக்கும் பெயர் ஒட்டியிருத்தலின் இக்குழப்பம் எழுவதில்லை. பட்டியலாக மாற்றும்போதே எழுகிறது. தமிழகத்துத் தடம் பனிக்கடலில் தோன்றினால் முதலில் ஐயுற வேண்டியது இதனையே. அசாமில் நடந்தவர்க்கு இப்பிழை வேறு முகம் காட்டும். 90 பாகைக்கு மேற்பட்ட அட்சரேகை உலகில் இல்லையாதலால், புள்ளியைச் சரியான இடத்தில் வைக்க மென்பொருளுக்கு வழியே இராது.

புள்ளி பெயர்தல்

சுவடியிற் புள்ளியின்மையால் வந்த இடர்ப்பாட்டை மேலே குறித்தேன். இங்குப் புள்ளி இருந்தும் இடர்ப்பாடு வரும். ஜி.பி.எஸ். கருவிகள் தமக்குள் எழுதிக்கொள்ளும் என்.எம்.இ.ஏ. முறையில், 8 பாகை 37.80 கலை என்பதை 0837.80 எனச் சேர்த்தெழுதுவர். 60 கலை ஒரு பாகையாதலின் இது 8.63 பாகை. இதனை அறியாதார் 8.3780 எனப் புள்ளியை நகர்த்தி எழுதினால், இடம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தெற்கே நழுவும். எங்கள் குறிப்பேட்டில் கொற்கைக்குரிய ஓரிடம் இவ்வாறு மணப்பாட்டுக் கரையில் ஏறியிருந்தது. இப்பிழையின் அடையாளம் ஒன்றுண்டு: பதின்மப் புள்ளியை அடுத்த இரண்டு இலக்கங்கள் எக்காலும் 60 ஐ எட்டா. நூறு இடங்களின் எண்களில் ஒன்றில்கூட .60 முதல் .99 வரை வரவில்லையெனின், அவை பாகையின் கூறுகள் அல்ல, கலைகளே எனத் தெளியலாம்.

இரவற் கருவி தந்த தொல்லை இதனினும் பெரிது. அது இடத்தைப் பாகையில் காட்டாமல், யு.டி.எம். என்னும் முறையில் மீட்டர்க் கணக்கில் காட்டுமாறு அமைக்கப்பட்டிருந்தது. இம்முறை உலகை 6 பாகை அகலமுள்ள 60 பட்டைகளாகப் பகுக்கிறது. 43 ஆம் பட்டைக்கும் 44 ஆம் பட்டைக்கும் எல்லை 78 ஆம் தீர்க்கரேகை. அக்கோடு திருவைகுண்டத்திற்கும் ஏரலுக்கும் இடையே ஆற்றைக் குறுக்கே கடக்கிறது! மாணவர் நடந்த வழியின் முற்பகுதி ஒரு பட்டையிலும் பிற்பகுதி மற்றொன்றிலும் விழுந்தது. கிழக்கெண் 8,30,000 ஐ ஒட்டி ஏறிக்கொண்டே வந்து, ஒரு வயலைத் தாண்டியதும் 1,70,000 ஐ ஒட்டித் தாழ்ந்தது. குறிப்பேட்டில் எண்களை எழுதியவர் பட்டையின் எண்ணை எழுதவில்லை. எல்லாம் 43 ஆம் பட்டையே எனக் கொண்டு ஏற்றினோம். கொற்கை அரபிக்கடலில் மினிக்காய்த் தீவுக்கும் மேற்கே, 660 கிலோமீட்டர் அப்பால் சென்று விழுந்தது. எண் திடீரெனத் தாழும் இடத்தைக் கண்டு பட்டியலை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் உரிய பட்டையில் ஏற்றிய பின்னரே இரண்டும் ஆற்றங்கரையில் ஒன்றோடொன்று கூடின. மாணவர்க்கு அன்று நேர்ந்த மகிழ்ச்சி, சிதைந்த பாடலொன்றுக்குச் சீர் பொருந்தியபோது உண்டாகும் மகிழ்ச்சியை ஒத்தது.

பெயரிடலும் பெயர்த்தலும்

ஆப்பிரிக்கக் கரையோரம் சுருங்கிய தடத்திற்கு வருவோம். கினி வளைகுடாவில் சுழிய அட்சரேகையும் சுழியத் தீர்க்கரேகையும் வெட்டும் இடத்தை மென்பொருளார் வேடிக்கையாகச் 'சுழியத் தீவு' என்பர். அங்குத் தீவு இல்லை. எண்களின் அளவை பிறழ்ந்த தரவெல்லாம் அங்குப் போய்ச் சேர்கிறது. எங்கள் தடத்தின் எண்கள் பாகையில் இருந்தன. மென்பொருளோ அவற்றை மீட்டர் எனக் கொண்டது. ஆதிச்சநல்லூரிலிருந்து புன்னைக்காயல் ஏறத்தாழ கால் பாகைத் தொலைவு. அது கால் மீட்டராயிற்று. நான்கு நாள் நடை ஒரு சாணுக்குள் அடங்கிவிட்டது.

இப்பிழைக்குக் காரணம் மாணவர் ஒரு தெரிவைத் தவறாகப் பயன்படுத்தியதே. மென்பொருளில் ஒரு தரவின் ஆயமுறையை 'இன்னது' எனக் குறிக்கும் தெரிவு ஒன்று. எண்களையே ஓர் ஆயமுறையிலிருந்து மற்றொன்றுக்குக் கணித்து மாற்றும் தெரிவு மற்றொன்று. முன்னது எண்களைத் தொடுவதில்லை. அராபு மொழி நூலின் அட்டையில் 'தமிழ்' என்று எழுதிவிட்டால் அது தமிழ் நூல் ஆகிவிடாது, மொழிபெயர்த்தால்தான் ஆகும். அவர் செய்தது அட்டையை மாற்றியது. அட்டையை மீண்டும் பழையபடி 'உலகப் பாகைமுறை' என்று திருத்தியதும் தடம் தன் ஊருக்குத் திரும்பிற்று.

ஒரே திசையில் விலகும் தடம்

பழைய நிலவரைத் தாள் ஒன்றை வருடிப் பின்னணியாக வைத்தபோது, தடம் தாளிலுள்ள கரைப்பாதையிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் விலகி ஓடிற்று. கருவியின் பிழையாயின் விலகல் இங்கொன்றும் அங்கொன்றுமாக, இருபுறமும் அலைந்து தோன்றும். இதுவோ எல்லா இடத்தும் ஒரே அளவில், ஒரே திசையில் நின்றது. அவ்வொழுங்கே நோயைக் காட்டிக்கொடுத்தது.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெருமுக்கோண நிலஅளவையை அவருக்குப் பின் நடத்தியவர் சார்சு எவரெசுடு. அவர் 1830 இல் கணித்த உலக வடிவின்மீதே இந்திய நிலவரைத் தாள்கள் நெடுங்காலம் வரையப்பட்டன. அவ்வடிவின் நடுவரை ஆரம் 6377.276 கிலோமீட்டர். ஜி.பி.எஸ். கொள்ளும் டபிள்யூ.ஜி.எஸ். 84 வடிவில் அது 6378.137 கிலோமீட்டர். இரு வடிவங்களின் மையமும் ஓரிடத்தில் இல்லை. எனவே ஒரே கிணற்றுக்கு இரண்டு கணக்கிலும் வெவ்வேறு எண்கள் வரும். 2005 ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கென வெளியான தாள்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84 இல் அமைந்தவை. பழைய தாளாயின் அதன் ஓரத்தில் அச்சிட்டுள்ள குறிப்பைப் படித்து, எவரெசுடு வடிவைத் தேர்ந்தே பொருத்துதல் வேண்டும். தடத்தை இழுத்துத் தாளோடு ஒட்டவைத்தல் ஆகாது; அன்று நாங்கள் அதைத்தான் செய்ய முற்பட்டோம்.

சீனத்தில் இவ்விலகல் சட்டத்தால் விளைவது. அங்கு வெளியாகும் வரைபடங்கள் ஜி.சி.ஜே. 02 என்னும் திரித்த ஆயமுறையைக் கொள்ளுதல் வேண்டுமென்பது விதி. ஆகவே அங்கு நடந்தவரின் தூய தடம் வரைபடத்தின்மேல் சில நூறு மீட்டர் தள்ளியே விழும்.

தோன்றாத் தடங்கள்

திறக்க மறுத்த கோப்பை எழுத்துச் செயலியிற் கண்டபோது, இறுதிப் புள்ளி பாதியில் அறுந்து நின்றது. பதிவின் நடுவே கைப்பேசியின் மின்கலம் தீர்ந்துவிட்டது. புள்ளி, துண்டு, தடம், கோப்பு எனத் திறந்த ஒவ்வொன்றுக்கும் மூடும் குறி வேண்டும், அவை எழுதப்படவில்லை. அறுந்த புள்ளியை நீக்கி, துண்டு, தடம், கோப்பு ஆகிய மூன்றுக்கும் உரிய மூடுகுறிகளை அதே வரிசையில் இட்டதும் கோப்பு முழுமையாகத் திறந்தது. இது தொலைந்ததென எண்ணிய கோப்பு. பின்னர் இதுவே எங்களுக்குக் கைகொடுத்தது.

மற்றொன்று திறந்தும் தோன்றவில்லை. அதன் உயரங்களெல்லாம் கழித்தல் குறியுடன் 90 மீட்டரை ஒட்டி இருந்தன. 'கொற்கை கடல்கொண்ட ஊரா, ஐயா?' என ஒரு மாணவர் வினவினார். தென்னிந்தியாவிலும் இலங்கைக்குத் தெற்கிலும் புவியீர்ப்பு குன்றியிருத்தலால், மெய்யான கடல்மட்டம் கணிதவடிவக் கோளத்தின் பரப்புக்குக் கீழே நிற்கிறது. இலங்கைக்குத் தெற்கே இத்தாழ்வு ஏறத்தாழ 106 மீட்டர். உலகிலேயே மிகுதியான தாழ்வு அதுவே. கைப்பேசி கணிதவடிவிலிருந்து அளந்த உயரத்தை அப்படியே எழுதிவிட்டது. உயரத்தை உள்ளவாறே காட்டுமாறு அமைத்த முப்பரிமாண மென்பொருளில் அத்தடம் மண்ணுக்கடியிற் புதைந்துவிடும். 'நிலத்தோடு ஒட்டுக' என்னும் தெரிவை இட்டதும் அது மேலே வந்தது.

நேரத்தாலும் தடம் மறையும். கூகுள் எர்த் போன்றவற்றில் நேரச்சறுக்கி ஒரு குறுகிய பொழுதில் நின்றுவிட்டால் அப்பொழுதுக்குரிய துண்டு மட்டுமே தெரியும். ஜி.பி.எக்ஸ். கோப்பில் நேரம் உலகப் பொதுநேரத்தில் எழுதப்படும். இந்திய நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டுதல் வேண்டும். விடியற்காலை 5.10 க்குத் தொடங்கிய நடை முந்திய நாள் இரவு 11.40 எனப் பதிவாகியிருந்தமையால், நாள்வாரியாகப் பிரித்தபோது ஒரு காலைப்பொழுது வேறு நாளில் சேர்ந்துவிட்டது. பழைய கருவிகள் சில 2019 ஏப்ரலுக்குப் பின் நடந்த நடையை 1999 எனக் குறிப்பதும் உண்டு. ஜி.பி.எஸ். வாரக்கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்புவதே காரணம்.

இடப்பெயர்களின் எழுத்து குறித்தும் ஒரு சொல். பெயருக்குரிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள் தோன்றினால் எழுத்துரு இல்லை என்பதே பொருள். பெயர் பத்திரமாக உள்ளது. பொருளற்ற குறிகள் தோன்றினால், யு.டி.எப். 8 குறியேற்றத்தைத் தெரிந்து மீண்டும் திறந்தால் பெரும்பாலும் சீராகும். கோப்பிலேயே கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் பெயர் அழிந்தது. மூலப்படியை நாடுவதன்றி வழியில்லை. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டுப் பழகிய என்னைப் போன்றோர் இவ்விடத்து மிகவும் விழிப்பாயிருத்தல் நன்று.

நேர்கோடும் நூற்சிக்கலும்

ஓரிடத்தில் நின்று முதியவருடன் உரையாடிய பொழுதெல்லாம் திரையில் நூற்சிக்கல் போல ஒரு கிறுக்கல் தோன்றிற்று. திறந்த வெளியில் கைப்பேசியின் பிழை ஏறத்தாழ 5 மீட்டர் ஆரத்துக்குள் அமையும். மரத்தடியிலும் சுவரருகிலும் மிகும். நிற்பவர் அவ்வட்டத்துக்குள் அலைவதாகவே கருவி எழுதும். இதனால் நடந்த தொலைவு பொய்யாய்க் கூடும். இக்கிறுக்கலை நாங்கள் அழிக்கவில்லை. நெடுநேரம் நின்று பேசிய இடங்கள் இவை என்பதற்கு அதுவே சான்று.

நேர்கோடு இதற்கு மறுதலை. மின்கலத்தைச் சேமிக்கும் பொருட்டுக் கைப்பேசி தானாகவே பதிவு மென்பொருளை உறங்கவைத்துவிடும். விழித்தபின் புதிய துண்டாகத் தொடங்கியிருந்தால் இடையே வெற்றிடம் தெரியும். ஒரே துண்டாகத் தொடர்ந்தாலோ, மென்பொருள் துண்டுகளை இணைத்துவிட்டாலோ, விட்ட இடத்திலிருந்து தொட்ட இடம் வரை நேர்கோடு விழும். அடுத்தடுத்த இரு புள்ளிகளின் நேரத்தைக் கழித்துப் பார்த்தால் இது வெளிப்படும். முதியவர் காட்டிய பள்ளத்தின் நடுவே 23 நிமிட இடைவெளி இருந்தது. அவ்விடத்தில் திரை ஒரு நேர்கோட்டை வரைந்திருந்தது. ஆற்றுப்போக்கு நேர்கோடாக இராது என்பது எல்லார்க்கும் தெரியும். உடன் நடந்த மாணவர் இருவர், வளைவைத் தம் நினைவிலிருந்து வரைந்துவிடலாம் என்றனர். அழகான வளைவாகவே வரைந்தும் காட்டினர். நான் இசையவில்லை; சற்றுக் கடுமையாகவும் பேசிவிட்டேன்.

மின்கலம் தீர்ந்து அறுந்த அந்தக் கோப்பு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது வேறொரு மாணவருடையது. முதியவருக்கு அடுத்தபடியாக நடந்து வந்தவர் அவர். அவர் கைப்பேசி உறங்காமல் எழுதியிருந்தது. இடைவெளியின் முதல் 16 நிமிடங்கள் அதில் கிடைத்தன. பள்ளம் இரண்டு முறை வளைந்தது. மாணவர் நினைவிலிருந்து வரைந்த வளைவு அதனோடு ஒத்திருக்கவில்லை. குறிப்பேட்டில் எழுதிய நேரங்களைக் கொண்டு பதினேழு பெயர்களுள் பதினான்கை இடத்தில் நிறுத்தினோம். எஞ்சிய 7 நிமிடத்துக்குக் கோடு இல்லை. சிதைந்த அடிகளுக்குப் பதிப்பாசிரியர் இடுவது போலப் புள்ளிகளை மட்டும் இட்டோம். அப்பொழுதில் சொல்லப்பட்ட மூன்று பெயர்களும் வரைபடத்தின் வலப்பக்க ஓரத்தில், இடம் குறிக்கப்படாமல் அச்சாகியுள்ளன.